மணிமொழிக்கு அனுப்பிய பதில்

ராதிகாவின் மகனுக்கு மூன்று மாதம். சின்னசேலத்து வீட்டில் அவனை வைத்து அவள் எடுத்துப் போடும் வீடியோக்களைப் பின்தொடர ஒன்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். குளிப்பாட்டுவது, பவுடர் போடுவது, அவன் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பது. அந்த ஒரு சிரிப்புக்காக அரைமணி நேரம் கிலுகிலுப்பையை ஆட்டுவாள். அவன் அழுவதை வெட்டிவிடுவாள்.

அவள் அழுவது குளியலறையில், குழாயைத் திறந்துவிட்ட பிறகு. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கினால் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்குவதுபோல் இருந்தது. வீடியோவுக்கு லைக் விழுவதைப் பார்க்கும் பத்து நிமிடம்தான் கொஞ்சம் நிம்மதி. கணவன் சிவசங்கர் உரக்கடை வைத்திருந்தான். அவனும் கடையில் உட்கார்ந்து அந்த வீடியோக்களைத்தான் பார்ப்பான்.

ஒரு மத்தியானம், வெள்ளிமலையிலிருந்து மணிமொழி என்ற பெண் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, என் பையனுக்கு ரெண்டு மாசம். ஒங்க வீடியோவத்தான் பார்த்துக்கினே இருப்பேன். ஒங்க புள்ள அழுவறதே இல்ல. நீங்களும் சிரிச்சிக்கினே இருக்கீங்க. எனக்கு மட்டும் இவனத் தூக்கவே புடிக்கலக்கா. நான் நல்ல அம்மா இல்ல போல."

ராதிகா அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதி, அழித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

"என் புள்ளையும் அழுவுறாம்மா. நான்தான் வெட்டிட்டுப் போடுறேன். நேத்து அவன் கத்திக்கினு கெடந்தான், நான் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். எனக்கும் தூக்கப் புடிக்கல. யாருகிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காருகிட்டகூட."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது சாப்பிட வந்த சிவசங்கர் வாசலில் நின்றிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா ராதிகா இது?"

"கோவமாங்க?"

"வீடியோவப் பாத்துட்டு நீ நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு வார்த்த கேக்கலியே நான்."

அவன் எதிரிலேயே அவள் அழுதாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் அவளைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனான். அங்கே பெண் மருத்துவர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இப்படி வரும், இது வியாதிதான், குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார். "தூக்கம் ரொம்ப முக்கியம். சாயந்தரத்துல புள்ளைய நீங்க பாத்துக்குங்க" என்று சிவசங்கரிடம் சொன்னார்.

திரும்பும்போது பேருந்திலிருந்தே ராதிகா மணிமொழிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். "ஊருக்கு வர்ற நர்ஸுகிட்ட சொல்லும்மா. வெக்கப்படாத."

நான்கு நாள் பதிலே இல்லை. ராதிகா போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் வந்தது. "சொல்லிட்டேன்க்கா. நாளைக்கு மாமியாரோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ராதிகாவுக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. இப்போதும் சில நாள் மோசமாகத்தான் போகிறது. அன்றைக்குக் கடைக்குப் போன் போட்டு, "இன்னிக்கி முடியலங்க" என்கிறாள். அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்துவிடுகிறான்.