சித்திரை இருபத்தெட்டு

உங்கள் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா? முத்துக்கனி சொல்லவில்லை. கட்டிய புருஷனிடம்கூட ஐந்து வருஷமாகச் சொல்லவில்லை.

மகள் அருணாசலவடிவு பிறந்தது அறுபத்தொன்பதில், ஆத்தூரில், முத்துக்கனியின் அப்பா வீட்டில். சித்திரை இருபத்தெட்டு. தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பார்கள். தகப்பன் செந்தூர்பாண்டி அப்போது கொழும்பில் மாமன் கடையில் நின்றான். முத்துக்கனியின் அப்பா ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஆனி மூன்றில் பேத்தி பிறந்ததாகக் கடிதம் போட்டார். கிராம முன்சீப்பிடமும் அதையே சொல்லிப் பதிவேட்டில் எழுத வைத்தார். பத்து மாதம் தாண்டிப் பிறந்த பிள்ளை என்று செந்தூர்பாண்டி கொழும்பில் பெருமையடித்தானாம்.

இப்போது எழுபத்துநாலு ஜூன். செந்தூர்பாண்டி ஊர் திரும்பி மில்லர்புரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. ஜூன் முதல் தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முன்சீப் எழுதிய ஆனி மூன்று, இங்கிலீஷ் தேதிக்கு ஜூன் பதினேழு.

"பதினாறு நாள் கொறையுதும்மா. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க," என்றார் தலைமையாசிரியை ஹில்டா.

"டீச்சர், இவ நெசமா பொறந்தது சித்திரை. பதிவுல மாத்தி எழுதிட்டாவ."

"காலையில இருந்து இதே கதைய சொல்லுததுல நீங்க நாலாவது ஆளு."

அதற்குள் பிள்ளை சுவரில் இருந்த காலண்டரை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஹில்டா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. பதிவு தப்புன்னு இவ அப்பா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். சேத்துக்கிடுதேன். நாளைக்குத்தான் கடைசி நாள்."

ஒரு வருஷம்தானே என்று முத்துக்கனியால் விட முடியவில்லை. பெண்பிள்ளை பெரியவளானதும் அவர்கள் குடும்பத்தில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்த நாள் எந்த வகுப்பில் வந்து நிற்கும் என்பதுதான் பேச்சு. ஒரு வருஷம் பிந்திச் சேர்ந்தால் ஒரு வகுப்பு குறையும். முத்துக்கனி ஐப்பசியில் பிறந்தவள். பிந்திச் சேர்ந்தாள், ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றாள். அதே வருஷம் வைகாசியில் பிறந்த பக்கத்து வீட்டுப் பகவதி ஒரு வகுப்பு முன்னால் போனாள், எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். அதை வைத்து டீச்சர் டிரெய்னிங் முடித்து, இப்போது சாயர்புரத்தில் டீச்சராக இருக்கிறாள்.

சாயங்காலம் கடையில் ஹார்பர் வேலைக்காரன் ஜேசுபாதம் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு கட்டு பீடி. என்ன, ஒங்க மக தீப்பெட்டியப் பாத்து வாசிக்கா?"

"வாசிப்பாலே. ஆனி மாசத்துக்காரில்லா! இவ பொறந்தபொறவுதான் எனக்குன்னு ஒரு கடையே வந்துச்சு. எல்லாம் இவ ராசி," என்றான் செந்தூர்பாண்டி.

"எம்மவ பொறந்தபொறவு எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துச்சு. மாத்திக்கிடுவமா அண்ணாச்சி?"

சிரித்துக்கொண்டே அவன் போனான். முத்துக்கனி கடைக்குள் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். செந்தூர்பாண்டி சீனி நிறுத்துக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆத்தூர்ல தெருவுக்கே தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது. என்னளா?"

"அஞ்சு வருசத்துல என்ன கெட்டுப்போச்சு? இப்பத்தான் ராசிக்காரின்னு சொன்னிய."

செந்தூர்பாண்டி விரலை மடக்கினான். "இவ பொறந்த வருசம் ஐப்பசியில எங்க அய்யா செத்தாரு. மறு வருசம் மாமா கொழும்புல கடைய மூடுனாரு. போன தையில இந்தக் காலு." சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த கால். ஒரு நாழிகைக்கு முன்புவரை அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள்.

"அய்யாவுக்கு எழுவத்தெட்டு வயசுங்க."

"இருக்கட்டுமே."

"கையெழுத்துப் போடுவியளா, மாட்டியளா?"

"போட்டா, சித்திரைப் பிள்ளைய வீட்டுல வச்சிருக்கேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்லா?"

பிள்ளை வழக்கம்போல அவன் மடியில் ஏறப் பார்த்தாள். அவன் தூக்கிக் கீழே விட்டான். "அம்மாட்ட போ."

"அப்ப ஆத்தூர்ல சேக்கேன். அங்கன எல்லாருக்கும் தெரியும், தாள் கேக்க மாட்டாவ," என்றாள் முத்துக்கனி.

"சேத்து விடு. நல்லாப் படிக்கட்டும். இங்கன வேண்டாம்."

"அங்கன யாரு பாத்துக்கிடுவா?"

"மாசத்த மாத்துனவரு ஒங்க அப்பாதான. அவரே பாத்துக்கிடட்டும். நீ இங்கன இரு."

அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்காகப் பொய் சொன்னேன், பிள்ளை ஆனியில் பிறந்தவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நம்புவான். நம்பத்தான் ஆசைப்படுவான். பிள்ளை வீட்டில் இருக்கும், ஆனால் படிப்பில் ஒரு வருஷம் போய்விடும். முத்துக்கனி உள்ளே போய் நாலு பாவாடையையும் சிலேட்டையும் துணிப்பையில் எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் தாயும் மகளும் ஆத்தூர் போனார்கள். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி 11.5.69 என்று எழுதி அருணாசலவடிவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முத்துக்கனி பதினொரு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினாள்.