இரண்டாம் ஆட்டக்காரன்

அரை மணி நேரம்தான், அதுக்கு மேல உட்கார முடியாது என்று செருப்பைக் கழற்றும்போதே மாரப்பன் சொல்லிவிட்டான். இரண்டு மணிக்கு மில் கேட்டில் செக்யூரிட்டி டியூட்டி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் நாங்கள் ஜோடி சேர்ந்து ஆடிய அடிதடி ஆட்டங்களை எல்லாம் இப்போது ஒரே தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள். என் மகள் மெர்சி வாங்கி டி.வி.யில் மாட்டிக் கொடுத்தாள். அதைச் சாக்கு வைத்துத்தான் அவனைக் கூப்பிட்டேன். இருபத்தெட்டு வருசமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல எனக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

கன்ட்ரோலரை நீட்டிய மெர்சி அவன் வலது கையைப் பார்த்துத் தயங்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு கிடையாது.

"பெருவிரல் ரெண்டும் இருக்குது கண்ணு. இதுக்கு அது போதும்" என்றான்.

அப்போது நாங்கள் ஒரு பம்புசெட் பட்டறையில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஓட்டினோம். பெரிய தகடு என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்துவிட்டு 'ம்' என்பான். அதற்குப் பிறகுதான் மற்றவன் பெடலை மிதிக்க வேண்டும். வைப்பது மாரப்பன், மிதிப்பது நான். கேம் கடையிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரவுடிகளை அடித்து முடித்தபின் அவன் 'ம்' என்றால்தான் அடுத்த தெருவுக்கு நகர்வோம். ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ஒருத்தன் பின்னால் நின்றுவிட்டால் இன்னொருத்தன் எவ்வளவு முட்டினாலும் திரை நகராது.

முதல் தெருவிலேயே என் ஆள் வீசிய குத்து அவன் ஆள் முதுகில் விழுந்தது.

"இன்னும் கூட்டாளியத்தான் அடிக்கிற" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் என் ஆளைத் தள்ளி நிறுத்தினேன்.

இரண்டாம் தெருவில் அவன் ஆள் செத்தான். மெர்சி எட்டி ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஆட்டம் பின்னோக்கி ஓடியது; விழுந்தவன் எழுந்தான், வாங்கிய உதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது.

"எவ்வளவு தூரம் பின்னாடி போவும் கண்ணு?"

"ஒரு நிமிசம்தான் மாமா."

"அவ்வளவுதானா" என்றான் மாரப்பன். மெர்சி டீ வைக்க உள்ளே போனாள்.

அவன் விரல் போன அன்றைக்குக் கேம் கடையில் கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும் என்று எனக்கு அவசரம். கடைசித் தகடு. மிதித்துவிட்டேன். அவன் 'ம்' சொன்னான், என் காதில் விழுந்தது என்று முதலாளியிடம் சொன்னேன். கவனமில்லாமல் அவனே கையை விட்டுவிட்டான் என்று எழுதிக் கணக்கை முடித்து அவனை அனுப்பிவிட்டார்கள். நான் அதே பட்டறையில் சூப்பர்வைசர் ஆனேன். அவன் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இடது கையால் வாளியைப் பிடித்துப் பரிமாறினான்.

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மாரப்பா, அன்னிக்கு நீ 'ம்' சொல்லல. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

அவன் கடைசி ரவுடியை அடித்து முடித்தான்.

"என்ற வாய்ல வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதாடா ஆல்வின்?" என்றான். "உன்ற வாய்ல எப்ப வருதுன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வலது கையை விரித்து மூடினான். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. அவன் எழவில்லை. கன்ட்ரோலரை எடுக்கவும் இல்லை.

திரையில் தெரு காலியாகக் கிடந்தது. என் ஆள் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தான். அவன் ஆள் இடது ஓரத்தில், முஷ்டியை மடக்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். மேலே, அடுத்த தெருவுக்குப் போகச் சொல்லும் அம்புக்குறி விட்டுவிட்டு மின்னியது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.