தொட்டியின் உள்முகம்

1
இந்தக் கதை ஒரு ரப்பர் செருப்பில் பிறந்தது. இன்று திங்கட்கிழமை காலை, ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில், பக்கத்து சீட் இன்ஜினியர் பெண் செருப்பைக் கழற்றி வளைத்துக் காட்டினாள். ஒருமுகம் வாய்பிளந்தது; மறுமுகம் நசுங்கியது. “நடுவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க,” என்றாள். எனக்குப் புல்லரித்தது.

2
அவளுக்கு லோஜினி என்று பெயர் வைக்கிறேன். லோஜினி அமைதியான—

(வேண்டாம். பிறகு பார்ப்போம்.)

அவள் போகும் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். லோஜினியும் அங்கே வளர்ந்தவள்தான். தொட்டி தாங்குமா என்று கணினியில் பார்த்து, “தாங்கும்” எனக் கையெழுத்திட்டாள். இன்று எட்டு மணிக்கு நிரப்புகிறார்கள்.

3
(கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டலாம். நஷ்டம் உங்களுக்குத்தான்.)

கணினிக் கணக்கில் ஷெல் எலிமெண்ட் என்ற துண்டு, தகட்டை வெறும் தாளாக வரையும். ஆனாலும் இரண்டு முகங்களின் தகைப்பையும், அதாவது எது எவ்வளவு இழுபடுகிறது, நசுங்குகிறது என்பதையும், சொல்லும். கூட்டிப் பாதியாக்கினால், தகடு முழுவதையும் இழுக்கும் பங்கு. கழித்துப் பாதியாக்கினால், வளைக்கும் பங்கு. இவ்வளவுதான்! இரும்பின் மனசே இதில்— (அடித்துவிட்டேன்.)

லோஜினி எடுத்ததோ கூட்டல் கழித்தல் குறி இல்லாத எண்ணை. தொட்டியின் அடியில் உள்முகம் நூறு இழுபட, வெளிமுகம் நூறு நசுங்க, அது இரண்டையும் நூறு என்றே காட்டியது. கழித்தாள், பூச்சியம். “வளைவு இல்லை” என்று எழுதினாள். வெளியே மட்டும் வெல்டிங் வைத்த தொட்டி அது. இழுத்தால் தாங்கும், வளைத்தால் உள்ளே விரியும்.

4
இன்று விடிந்ததும் தொட்டி கழுவும் பழனியாண்டி அவளுக்குப் போன் செய்தார்.

“வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கு புள்ள. உள்ளுக்கு அடியில நூலு கணக்கா கோடு ஓடுது.”

அவள் குறிகளோடு மறுபடி கழித்தாள். பூச்சியம் நூறானது, அதே கோட்டில். தொட்டியைப் பார்த்தே இராத கணினி முதலிலேயே சொல்லியிருக்கிறது. இவள்தான் தப்பாகக் கேட்டிருக்கிறாள். அவரைத் திரும்ப அழைத்தாள்.

“வால்வ தொறக்க விடாதீங்க மாமா!”

“தொரை கையில ஒங்க கையெழுத்து இருக்கே. நீங்களே வந்து அத அடிச்சுவிட்டாத்தான் கேப்பாரு.”

தோட்டத்து மேலாளரான துரை போனை எடுக்கவில்லை. பஸ் ஏறினாள்.

5
நான் தலவாக்கலையில் இறங்கியபோது மணி ஏழு பத்து. அவள் முகத்தில் சலனமில்லை. மடியில் செருப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ‘லோஜினி அமைதியான—’ என்ற அந்த அரைகுறை வாக்கியத்தை நீங்களே முடியுங்கள்.

முடிவு இரண்டு எழுதினேன். இரண்டிலும் எட்டு மணி அடித்தது. கிழித்துவிட்டேன். எட்டு மணியை நான் எழுதப்போவதில்லை. தொட்டி காலியாக இருக்கிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள். பஸ்ஸை மட்டும் ஓட விடுகிறேன்.