தெற்கு மாடவீதி வக்கீலின் தர்ப்பணம்

1996 தை அமாவாசையன்று காலை, மயிலாப்பூர் தெற்கு மாடவீதி வக்கீல் ஜெயராம் செத்துப்போன தன் அப்பாவுக்கு எள்ளோடு இறைத்த தர்ப்பணத் தண்ணீர், கறுப்பு எண்ணெயாகத் தாம்பாளத்தில் விழுந்தது. சொம்பில் இருக்கும்வரை அது வெறும் மெட்ரோ வாட்டர்தான். புரோகிதர் சங்கர சாஸ்திரிகள் சொம்பை மாற்றச் சொன்னார். பித்தளை போய் வெள்ளி வந்தது. கடைசியில் பரணிலிருந்த காசிச் சொம்பை உடைத்துக் கங்கையையே விட்டுப் பார்த்தார்கள். கங்கையும் கறுத்தது. அமாவாசையானால் வாழைக்காய் விலை ஏறும், அன்றும் ஏறியது. தெரு அதைப் பேசி முடித்துவிட்டுத்தான் இதற்கு வந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். அடையாற்றங்கரையில் பழைய இன்ஜின் ஆயிலைக் காய்ச்சி விற்கிற கம்பெனி ஒன்று கழிவை ஆற்றில் விட்டது. முகத்துவாரத்துக் குப்பத்தில் மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றெல்லாம் எண்ணெயாயிற்று. சட்டத்தில் அதற்கு ஜெயில் உண்டு. ஆனால் மாதிரித் தண்ணீரை இரண்டு பாட்டிலாகப் பிரித்து இரண்டுக்கும் சீல் வைக்க வேண்டும்; அவசரத்தில் வந்த அதிகாரி ஒரு பாட்டிலோடு போய்விட்டார். இல்லாத அந்த இரண்டாவது பாட்டிலைத்தான் கம்பெனிக்காக வாதாடிய ஜெயராம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாட்சிக் கூண்டில் புஷ்பம் என்ற மீன்காரப் பெண் தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிக் காட்டியபோது, அதில் சீல் இருக்கிறதா அம்மா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. கம்பெனிக்கு ஒரு கீறல் விழவில்லை. மார்கழியில் வந்தது தீர்ப்பு. மனுஷன் மூளையே மூளை என்று மாடவீதி மெச்சியது, வெட்கங்கெட்ட மாடவீதி.

அவர் குளிக்கிற தண்ணீருக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு விடுவது மட்டும்தான் மாறியது. ஒரே பிள்ளை, அவர் விட்டால்தான் அப்பாவுக்குத் தண்ணீர். மாசியும் கறுத்தது, பங்குனியும் கறுத்தது. பெற்றவர் வாயில் எண்ணெயை விடக் கூசி, ஆடி அமாவாசையன்று அவர் தர்ப்பணத்துக்கு உட்காரவேயில்லை.

மனைவி விசாலாக்ஷி, "மாமா தாகத்தோட நின்னுண்டிருப்பாரேன்னா" என்றாள்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். புஷ்பம் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எண்ணெய் கம்பெனியுடையதுதான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று நாலு பேர் காதுபட ஒப்புக்கொண்டார். உன் கையால் ஊற்றினாலாவது தெளியுமா பார் என்று கெஞ்சினார். அவள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு, ஊற்றில் ஒரு சொம்பு மொண்டு வந்து, நீட்டிய கையில் விட்டாள். அங்கே அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சொம்பிலேயே அது கறுப்பாகத்தான் இருந்தது.

"எங்க புள்ளைங்க இத்தத்தான் குடிச்சிக்கினு கீதுங்க" என்றாள் புஷ்பம். "உங்கப்பாவுக்கு மட்டும் வேற தண்ணி எங்கேர்ந்து சார் வரும்?"

அடுத்த அமாவாசையிலிருந்து ஜெயராம் தவறாமல் உட்கார்ந்துவிடுகிறார். எண்ணெய் விழுகிறது. அவர் தலை நிமிர்வதில்லை. சாஸ்திரிகள் மந்திரத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. திருப்தியடையுங்கள், திருப்தியடையுங்கள் என்று போனவரைக் கேட்டுக்கொள்கிற இடம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். தாம்பாளத்தைத் துடைக்க விசாலாக்ஷி பழைய துணியோடு கதவோரம் நிற்கிறாள்.