கூந்தலை நம்பிச் செய்த தொப்பி

1

இந்தக் கதை என் கடைக்கு எலாஸ்டிக் வாங்க வந்தது. நான் தேடிப்போய்க் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். பொன்னேரி பஜாரில் எனக்குத் தையல் சாமான் கடை. பொத்தான், ஜிப், லைனிங் துணி, நூல். கூட்டமில்லாத மத்தியானங்களில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை எழுதுவேன். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் சத்யா வந்தாள்.

"அக்கா, தொப்பிக்கு எலாஸ்டிக் வேணும்."

"ஸ்கூல் குழந்தைக்கா?"

"இல்லக்கா. பெரிய பொம்பளைக்கு. பழைய காலத்துத் தொப்பி."

பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். கரும்பச்சைக் கம்பளித் தொப்பி. விளிம்பு ஒரு பக்கம் மேலே மடங்கியிருந்தது, முன்னால் கிழிந்த வலை. ஏதோ வெளிநாட்டில், என் அம்மா பிறப்பதற்கு முன்னால், யாரோ ஒருத்தி கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போட்டுப் போயிருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னச் சீப்பு தைத்திருந்தது. பக்கவாட்டில் ஊசி போய் வந்த ஓட்டைகள்.

"இத்த எப்டியாச்சும் தலையில நிக்க வைக்கணும்க்கா. காத்துல, பஸ்ல, எங்கயும் விழக் கூடாது."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எலாஸ்டிக்கை முன்னால் தாடைக்குப் போடாமல், காதுக்குப் பின்னால் கொண்டைக்குக் கீழே போவது மாதிரி தைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீப்பை முடியில் சொருகினால் நகராது. நீள ஊசி இருந்தால் தொப்பியில் குத்தி, கொண்டை வழியாக அந்தப் பக்கம் எடுத்துவிடலாம். புயலடித்தாலும் போகாது.

சத்யா முழுக்கக் கேட்டுவிட்டு, "முடி இல்லக்கா" என்றாள்.

"மொட்டையா? வேண்டுதலா?"

"இல்லக்கா. முடி, தலைத்தோலு, எல்லாம் மெஷின்ல போயிடுச்சு."

2

இதற்குப் பல தொடக்கங்கள் எழுதினேன்.

"காற்றில் ஒரு பச்சைத் தொப்பி பறந்துபோனது, அதன் பின்னால் ஒரு பெண்——" 

வேண்டாம். பறக்கிற தொப்பி பார்க்க அழகாக இருக்கிறது.

"கிரேஸுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல்——" 

இதுவும் வேண்டாம். இடுப்புவரைதான் இருந்ததாம். போய்விட்டது என்பதற்காக நானாக நீட்டிவிடுகிறேன்.

நேராகவே சொல்கிறேன். கிரேஸின் ஊர் ஆரம்பாக்கம். கணவன் வரதன் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. மகள் ஸ்நேகா இரண்டாம் வகுப்பு. கிரேஸும் சத்யாவும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் அதைப் பிரித்து, பொத்தானையும் ஜிப்பையும் அறுத்து, நிறம் பார்த்துத் தனித்தனியாகப் போடுவார்கள். பிறகு கிழிக்கிற மெஷின் அதைப் பஞ்சாக்கும். பஞ்சு மறுபடி நூலாகும்.

மூட்டைக்குள் சில சமயம் தொப்பிகள் வரும். உள்ளே கம்பி இருப்பதால் மெஷினுக்கு ஆகாது, மூலையில் வீசிவிடுவார்கள். டீ நேரத்தில் பெண்கள் அதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பச்சைத் தொப்பி கிரேஸின் கொண்டைமேல் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்ததாம். கூடவே கிடைத்த நீள ஊசியையும் குத்திக்கொண்டு அவள் எழுந்து நிற்பாள். "துரைசாணிம்மா, ஒரு வாரமா லீவு கேக்கறேன், மனசு வைங்க" என்று சத்யா குனிவாள். "முடியாது போடி" என்பாள் கிரேஸ். ஷெட்டே சிரிக்கும். மணி அடித்ததும் தொப்பியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

(சிரிப்பை எழுதுவது இவ்வளவோடு முடிந்தது.)

3

விபத்தை முதலில் இப்படி எழுதினேன்:

[டீ நேரம் முடிந்தும் கிரேஸ் தொப்பியைக் கழற்றவில்லை. மின்விசிறிக் காற்றில் அது நழுவி மெஷின் பக்கம் உருண்டது. சிரித்துக்கொண்டே அதைப் பிடிக்கக் குனிந்தாள். ஊசி கழன்ற கொண்டை——]

எழுதியபோது எனக்குப் பிடித்திருந்தது. தொப்பிக் கதை தொப்பியாலேயே திரும்புகிறது, பாருங்கள். எல்லாம் முடிந்து ஓய்ந்த பிறகு ஆரம்பாக்கம் போய்க் கிரேஸிடம் வாசித்தேன். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாய்ந்தது தோள்தான், தலை சுவரில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"இத்த உங்களுக்கு முரளி சார் சொல்லிக் குடுத்தாராக்கா?"

"எந்த முரளி?"

"எங்க சூப்பர்வைசர். கம்பெனியும் அப்படியே இத்ததான் சொல்லுது."

தாளை மடித்துவிட்டேன். என் கற்பனையும் கம்பெனியின் பொய்யும் ஒரே இடத்தில் போய் நின்றிருந்தன. காரணமும் ஒன்றுதான்: கோர்வையாக இருக்கிறது. நடந்ததில் கோர்வை எதுவும் இல்லை.

நடந்தது இது. மெஷினின் வாயை மூடும் தகட்டைப் பழுது பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. அன்றைக்குத் துணி சிக்கி மெஷின் திணறியது. "நிறுத்தாத, நிறுத்தினா லைன் மொத்தமும் நிக்கும், அப்படியே இழுத்து எடு" என்றார் முரளி. கிரேஸ் குனிந்து இழுத்தாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. தலைக்குத் துணி உறை கொடுக்க வேண்டும் என்று விதி, யாருக்கும் கொடுத்ததில்லை. தொப்பி சுவர் ஆணியில் இருந்தது.

ஓடிப்போய் ஸ்விட்சை அடித்தது சத்யா. ஒரு நொடி தாமதித்திருந்தால் முகமும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

4

இங்கே கொஞ்சம் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவசரப்படாதீர்கள், அது இல்லாமல் கிரேஸ் புரியமாட்டாள்.

பழைய தொப்பிகள் தலைக்கு இறுக்கமாகச் செய்யப்படவில்லை. மேலோட்டமாக, சற்றுச் சாய்வாக உட்காரும். சீப்பு, ஊசி, பின்பக்க எலாஸ்டிக் என்று அதை நிறுத்துகிற வழி எதை எடுத்தாலும் கூந்தலில் போய்த்தான் முடியும். செய்தவன் கூந்தலை நம்பிச் செய்திருக்கிறான்.

கிரேஸின் தலையில் இருப்பது அவளுடைய தொடைத் தோல். எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வழவழவென்று இருக்கும், தொட்டால் அவளுக்கு உணர்ச்சி தெரியாது, வெயில் படக் கூடாது. துப்பட்டா கட்டினால் வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும். விக் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஸ்நேகா அம்மாவிடம் போகவில்லை. பாட்டி ஞானம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். "மம்மிதான்டி" என்று இழுத்துவிட்டால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்த நாட்களில் சத்யா ஒருநாள் மில்லிலிருந்து கிரேஸின் டிபன் பாக்ஸையும் செருப்பையும் கொண்டுவந்தாள். ஆணியில் தொங்கிய தொப்பியையும் கொண்டுவந்திருந்தாள்.

கிரேஸ் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்நேகா பார்த்தாள். கிட்ட வந்தாள்.

"மம்மி, இப்ப நல்லாக்கீற."

அன்றிலிருந்து கிரேஸ் வீட்டுக்குள்ளும் தொப்பியோடு இருந்தாள். ஆனால் குனிந்தால் விழும், திரும்பினால் விழும். விழுகிற ஒவ்வொரு முறையும் ஸ்நேகா ஞானம்மாவிடம் ஓடுவாள். சத்யா எங்கிருந்தோ விக் ஒட்டுகிற டேப் வாங்கிவந்து தொப்பியை ஒட்டிவிட்டாள். நன்றாக நின்றது. சாயங்காலம் கழற்றியபோது டேப்போடு தோலும் வந்துவிட்டது. கிரேஸுக்கு அது தெரியவில்லை. ரத்தம் புருவத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஸ்நேகா பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் சத்யா எலாஸ்டிக் கேட்டு என் கடைக்கு வந்தது. மறுநாள் திருவள்ளூரில் விபத்து விசாரணை. கிரேஸும் போக வேண்டும், சாட்சியாகச் சத்யாவும் போக வேண்டும்.

"வெல்வெட் ரிப்பன் வை" என்றேன். "தொப்பிக்கு உள்பட்டைல, ரோமப் பக்கம் தலையில படற மாதிரி. அது தோலைப் பிடிச்சுக்கும், கிழிக்காது. அதுக்குப் பின்னால மெல்லிசா ஸ்பாஞ்ச். எலாஸ்டிக்க இறுக்காம பிடரிக்குக் கீழ தள்ளித் தை."

என் மேஜைமேலேயே வைத்து அவள் தைத்தாள். பொடிப்பொடியாக, நெருக்கமாக, உள்பக்கம் முடிச்சு தெரியாமல். முடித்ததும் உள்ளே விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்த்தாள், எங்கேயாவது நூல் உறுத்துமோ என்று.

5

சத்யாவை எனக்கு எழுத வரவில்லை.

அந்தத் தையலைப் போட்டபோதே, மறுநாள் தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். முரளி அவளைக் கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது. அவள் கணவன் லோகுவும் அதே மில்லில்தான் மூட்டை இறக்குகிறான். "ரெண்டு பேரும் வேலைல இருக்கணும்னு நான் நெனைக்கிறேன், நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டாராம். மிரட்டல் மாதிரியே இல்லையாம், அக்கறையாகக் கேட்டது மாதிரி இருந்ததாம்.

அவளைக் கெட்டவளாக ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவள் தைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு——. பொய். அவள் உதட்டைக் கடிக்கவில்லை, டீ வாங்கித் தரச் சொல்லிக் குடித்தாள். பாவப்பட்டவளாக இன்னொரு பக்கம் எழுதினேன். அதுவும் நிற்கவில்லை.*

* விசாரணைக்குப் பிறகு அவளே கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். "நாளைக்கு மட்டும் துப்பட்டா கட்டிக்கினு வாயேன்டின்னு சொன்னேன்க்கா. வழுக்குதுடின்னா. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?" சொல்ல ஒன்று இருந்தது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

6

வரதனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் தோழிகள் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறித் திருவள்ளூர் போனார்கள். வழியில் சத்யா கிரேஸுக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தாள். தொப்பி அசையவே இல்லை.

விசாரித்த அதிகாரியம்மா மரியாதையாகத்தான் பேசினாராம். கிரேஸைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னாராம். முதலில் முரளி பேசினார். வேலை நேரத்தில் பெண்கள் பழைய தொப்பிகளைப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள், பல முறை கண்டித்திருக்கிறோம், அன்று கிரேஸின் தொப்பி காற்றில் விழுந்தது, பிடிக்கக் குனிந்தாள் என்றார். கிரேஸ் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது என்றாள் என்னிடம். சத்யா உள்ளே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தாளாம்.

சத்யாவைக் கூப்பிட்டார்கள்.

"வேலை செய்யும்போது இவங்க தொப்பி போட்டிருந்தாங்களா?"

சத்யா தரையைப் பார்த்தாள். "போட்டிருந்தா மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"போட்டிருந்தா."

அதிகாரியம்மா கிரேஸின் பக்கம் திரும்பினார். பார்வை மேலே போய்த் தொப்பியில் நின்றது. "இதே தொப்பியா?"

"ஆமா மேடம். இதேதான்."

"நான் பொய் சொல்லலக்கா" என்றாள் கிரேஸ் என்னிடம். "இதே தொப்பியான்னு கேட்டாங்க. இதேதானே? வேற இன்னா சொல்வேன்? அப்பறம் ஆணியில மாட்டியிருந்தேன், மூடி இல்ல, அவருதான் இழுக்கச் சொன்னாருன்னு எல்லாம் சொன்னேன். தலையில தொப்பிய வச்சிக்கினு சொன்னா யாரு நம்புவாங்க?"

கழற்றிவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கதையில் அப்படித்தான் செய்வார்கள். கழற்றுவாள், அறை அதிரும், முரளி தலை குனிவார். இதை எழுதியும் வைத்திருந்தேன், கேட்கவும் செய்தேன்.

"அம்மாம் பேருக்கு முன்னாலயா?" என்றாள் கிரேஸ். அவ்வளவுதான்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். வரதன் யாரையோ பார்க்க அலைந்துகொண்டிருக்கிறான். கிழிக்கிற மெஷினுக்கு இப்போது புது மூடி போட்டுவிட்டார்களாம். தொப்பி வந்தால் உடனே எரித்துவிட வேண்டும் என்று உத்தரவு.

7

முடிவுக்கு வந்துவிட்டோம், ஆனால் என்னிடம் முடிவு இல்லை. பஸ் மட்டும் இருக்கிறது.

திரும்பும்போதும் அதே பஸ்தான், வேறு இல்லை. கிரேஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சத்யா பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டுக்குப் போனாள். கண்ணாடி ஏறாத ஜன்னல். ஊரைத் தாண்டியதும் பஸ் வேகமெடுத்தது, காற்று முகத்தில் அறைந்தது. எலாஸ்டிக்கின் ஒரு பக்கத் தையல் விட்டுவிட்டது. வெல்வெட் வீட்டுக்குள் பிடிக்கும், ஓடுகிற பஸ்ஸின் காற்றைப் பிடிக்காது. கிரேஸ் கையால் தொப்பியை அழுத்திக்கொண்டே வந்தாள்.

"ரொம்ப தூரம் பிடிச்சிக்கினு வந்தேன்க்கா. அப்பறம் பேஜாராப் போச்சு. போனா போவட்டும்னு கைய எறக்கிட்டேன்."

தொப்பி போகவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து அதன்மேல் இருந்தது.

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் கிரேஸ் திரும்பி அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். அது எனக்கு ஆத்திரமாக இருந்த அன்று எழுதியது. இன்னொன்றில் தன் கையை அதன்மேல் வைக்கிறாள். அது எனக்கு அமைதி வேண்டியிருந்த அன்று எழுதியது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சத்யாவைக் கேட்டேன். "அவ ஒண்ணும் பேசலக்கா. நானும் பேசல."

கிரேஸைக் கேட்டேன். "நீ திரும்பிப் பாத்தியா?"

"அதுக்கு மேல எழுதாதீங்கக்கா. எழுதினா எதுனா ஒண்ணு ஆயிடும். இன்னும் ஒண்ணும் ஆவல."

அதனால் நிறுத்துகிறேன். சத்யா பொன்னேரியில் இறங்க வேண்டியவள். பஸ் பொன்னேரியில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், விசில் அடித்தது. அவள் இறங்கவில்லை. கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி அவளிடம் வந்து கேட்கிறார்:

"உன் டிக்கெட் முடிஞ்சுபோச்சேம்மா. எங்க போற?"

அவளுக்கு ஒரு கைதான் காலியாக இருக்கிறது. பதில் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.