உரிக்காத தாள்

கார்ட்டூன் படங்கள் எடுக்கும் அந்த நிறுவனத்தில் அவருக்குப் 'பசை அண்ணன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. சூடேறிப் படுத்துக்கொள்ளும் கணினிகளை எழுப்பிவிடுவது அவர் வேலை. சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகக் கட்டியைக் கழற்றுவார். சிப்பின் தலையில் பொருக்குத் தட்டிப்போன பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். சூட்டைக் கடத்தும் புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து, ஹீட்சிங்கைத் திரும்பப் பொருத்தி, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். "கைக்குழந்தைக்கு மருந்து தடவுற மாதிரி தடவுறாருப்பா" என்று படம் வரைகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

கூட வேலை செய்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. இருந்த வேலை போய் வீட்டில் சும்மா கிடந்தவனை, மேலாளராக இருந்த அம்மாவிடம் "என் பொறுப்புங்க" என்று சொல்லி அவர்தான் சேர்த்துவிட்டிருந்தார்.

பெரிய படம் ஒன்று கைக்கு வந்தது. கூடத்திலிருந்த எல்லாக் கணினிகளுக்கும் புது ஹீட்சிங்க், புதுப் பசை மாட்டச் சொன்னார்கள். வழக்கமான பசையை விட்டுவிட்டு, இன்னும் நல்லது என்று வேறொன்றைத் தேடிப் பிடித்து வாங்கியது பசை அண்ணன்தான். ஜன்னலோர வரிசை ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தபோது கடைவாய்ப்பல் வலி அவர் உயிரை எடுத்தது.

"போய் மொதல்ல பல்லப் பாருங்க மாமா. இத நான் பாத்துக்கறேன்" என்றான் மைத்துனன். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

படத்தின் வேலை சூடுபிடித்த வாரத்தில் ஜன்னலோரக் கணினிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எழுப்பினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி படுக்கும். படத்தைத் தருவதாகச் சொன்ன தேதி தள்ளிப்போனது.

"அந்தப் பசைதான் மாமா சரியில்ல போல" என்றான் மைத்துனன். "ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குதுல்ல, அதான் அதுங்க முந்திக்கிச்சு. மத்ததும் வரிசையா போகும் பாருங்க."

அவருக்கும் அப்படித்தான் பட்டது. நேராக மேலாளர் அறைக்குப் போனார். "பசைய வாங்கினது நான். தப்பு என்னோடதுங்க" என்றார்.

அந்த அம்மா திட்டவில்லை. "உங்ககிட்ட இத நான் எதிர்பார்க்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்தாலும் எந்நேரமும் அதே பேச்சுதான். "பழைய பசையே நல்லா இருந்துச்சு. எனக்கு ஏன் புத்தி இப்படிப் போச்சு?" மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். "யாருக்குத்தான் தப்பு வரல? மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றாள். இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டார்.

பழைய பசை வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூச வேண்டும். "ஜன்னல் வரிசைய நான் தனியாவே முடிச்சிடறேன் மாமா" என்று மைத்துனன் சொல்லி வைத்திருந்தான். ஆனால் மறுநாள் காலையில் பேருந்து கிடைக்காமல் அவன் வர நேரமாகிவிட்டது. காத்திருக்கப் பொறுக்காமல் பசை அண்ணன் ஜன்னலோரத்திலிருந்தே ஆரம்பித்தார்.

முதல் ஹீட்சிங்கைத் தூக்கிப் புரட்டினார். அதன் செம்பு அடிப்பக்கத்தின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய தாள் ஒன்று ஒட்டியபடியே இருந்தது. கீறல் படாமலிருக்கப் பெட்டியிலேயே ஒட்டி வருவது. உரித்துப் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிக்காமல் மாட்டினால் கம்பளியைப் போர்த்தி ஓடவிட்ட மாதிரிதான். அடுத்ததைக் கழற்றினார். அதிலும் தாள். அதற்கடுத்ததிலும் தாள். பசையில் ஒரு குறையும் இல்லை.

மைத்துனன் உள்ளே வந்தான். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்ததும் தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் நின்றுவிட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத மெஷின் அணைஞ்சப்பவே உறைச்சுது மாமா. உரிச்ச ஞாபகமே இல்ல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"பயம். அதுக்குள்ள நீங்களே போய் உங்க தப்புன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்கு இங்க பேர் இருக்கு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான்னா அன்னிக்கே வெளிய அனுப்பிருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அக்காவும் அதான் சொன்னாங்க" என்றான்.

"எந்த அக்கா?"

அவனுக்கு ஒரே ஒரு அக்காதான் என்பது தெரிந்தும் கேட்டார்.

அந்த வரிசை முழுவதையும் அவரே துடைத்து, உரித்து, பூசி, மாட்டினார். மைத்துனன் திருகுப்புளியை எடுத்து நீட்டியபோது வாங்காமல், எழுந்து போய் வேறொன்றை எடுத்து வந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"அவன் எங்கிட்ட வந்து அழுதான்" என்றாள். "உங்களுக்கு என்ன, ஒரு போன் போட்டா வேற வேல கிடைக்கும். அவனுக்கு யார் தருவா?"

"அவன் பயந்தான், சரி. நீ? நான் பசை பசைன்னு பொலம்பிக்கிட்டே இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே."

"சொல்லிருந்தா அவன சும்மா விட்டிருப்பீங்களா?"

"கூட்டிட்டுப் போய் அவனுக்காக நானே பேசியிருப்பேன்."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். மடித்த சட்டையை உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

மறுநாள் மைத்துனனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மேலாளரிடம் நடந்ததைச் சொன்னார். அவன் தலையாட்டினான். "மொதல்லயே ஒண்ணத் தொறந்து பாத்திருக்கலாமே நீங்க" என்றார் அந்த அம்மா. "வீட்டு ஆள் சொன்னானேன்னு நம்பிட்டேங்க" என்றார் அவர். வேறு சமாதானம் அவரிடம் இல்லை.

மைத்துனனை வெளியே அனுப்பவில்லை, கிடங்குக்கு மாற்றினார்கள். கணினிகள் சூடு அடங்கி ஓடின. படமும் தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்தது. வரைகிறவர்கள் பழையபடி கிண்டல் செய்தார்கள்.

வீட்டில் மட்டும் அவர் பேச்சு சுருங்கிவிட்டது. கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஒழுகும் குழாய் என்று எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்வார். மனதில் இருப்பதை மட்டும் சொல்வதில்லை. ஒருநாள் அவளே, "இன்னும் எவ்வளவு நாளைக்கு இப்படி?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றார். அவர் யோசித்துத்தான் சொன்னார்.