அஜ்மான் வழியாக லங்காஸ்டர்

நெய்னா முகம்மதுவுக்கு இங்கிலாந்து விசா கிடைக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேச்சோடு போயிருக்கும். ஆனால் மகன் ஹஸ்னைன் லங்காஸ்டரில் பட்டம் வாங்கப்போவதையும், தான் பக்கத்தில் உட்காரப்போவதையும் மனிதர் துபாய் தேராவிலிருந்து கீழக்கரை வரை தம்பட்டம் அடித்திருந்தார். கடைக் கூட்டாளி நூஹு பிரியாணி விருந்தே வைத்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஏர்போர்ட்டுக்கு என்று பெட்டியோடு டாக்ஸி ஏறியவர் பக்கத்து ஊரான அஜ்மானில் போய் இறங்கினார்.

அங்கே தெரிந்த பெயிண்டர் முனியசாமியின் அறை. அவன் லீவில் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்திருந்தான். ஜூலை மாதம், ஓட்டை ஏசி, சன்னலுக்கு அட்டை. வெளியே தலைகாட்ட முடியாது. எந்த டீக்கடையில் எந்த ஊர்க்காரன் நிற்பானோ. ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டு, திரும்பிப் போய்க் கதை சொல்வதற்காக நெய்னா மகனிடம் போனில் சீமையைப் பாடம் படித்தார்.

"குன்றுமேல பழைய கோட்டை இருக்கு வாப்பா. ராஜாக்க காலத்துது. கீழே வாய்க்கா, அதோரமா அந்தக் காலத்துப் பஞ்சாலைக."

"கோட்டைக்குள்ள என்ன இருக்கு?"

"முந்தி ஜெயிலா இருந்துச்சு."

"உள்ள இருந்தவுஹளுக்காவது காத்து வாங்க வெளிய விட்டிருப்பாஹ" என்றார் நெய்னா.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹஸ்னைன் கூப்பிட்டான். வாப்பா அவனோடு இருப்பதாக நம்பி, கடைக்காரர்கள் அவன் நம்பருக்குத்தான் பேசுவார்கள்.

"நூஹு மாமாவுக்கு நெஞ்சுவலி வாப்பா. ஐசியூவுல இருக்காஹளாம். உங்களைத்தான் கேக்குறாஹளாம்."

அஜ்மானிலிருந்து நூஹு கிடந்த துபாய் ஆஸ்பத்திரி டாக்ஸியில் ஒரு மணி நேரம். இருபது வருடக் கூட்டாளி. போனால் மானம் போகும். போகாமல் அவன் மௌத்தாகிவிட்டால்? அன்று இரவு முழுக்க, மறுநாள் பகலும், நெய்னா கதவுப் பிடியைத் தொடுவதும் கட்டிலில் உட்காருவதுமாக இருந்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்று தன்மீதே அருவருப்பு வந்தது. அந்தியில் மஃரிபு தொழுததும், மானம் போனால் மயிரே போச்சு என்று எழுந்து, உள்ளதைச் சொல்லிவிடும் முடிவோடு கிளம்பினார்.

வார்டு வாசலில் கடைக்காரர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். "பொட்டிகூட எடுக்காம ஓடியாந்திருக்காஹ பாருங்க" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

நூஹு பிழைத்திருந்தான். நெய்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "மவன் பட்டம் வாங்குறதையும் விட்டுட்டு எனக்காகப் பறந்து வந்துட்டீஹளே காக்கா."

"நூஹு, நான் சொல்றதைக் கேளு. நான் அங்க..."

"ஒண்ணும் சொல்லாதீஹ." நூஹு யாருடைய போனையோ வாங்கி லங்காஸ்டருக்குப் போட்டான். "ஹஸ்னைன், உன் வாப்பாவை அனுப்பிவச்சியே, நீ நல்லா இருக்கணும்டா" என்று அழுதுவிட்டு, போனை நெய்னாவிடம் நீட்டினான். கட்டிலைச் சுற்றி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

நெய்னா குரலைத் தாழ்த்தினார். "இவுஹகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன் மவனே."

"சொல்லாதீஹ வாப்பா." மறுமுனையில் மகன் அவசரமாகக் குறுக்கிட்டான். "எல்லாப் பயலுகளும் குடும்பத்தோட போட்டோ எடுத்தானுவ. உன் அப்பா எங்கேன்னு கேட்டானுவ. நேத்து வரைக்கும் இங்கதான் இருந்தாஹ, கூட்டாளிக்கு முடியலைன்னு போயிட்டாஹன்னு நானும் சொல்லிட்டேன்."

நெய்னா கட்டிலைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "சரி மவனே" என்றார்.